உப்புசத்துக்குப் பின்னால் ஒரு தேக்கம்

இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல்லாகிவிடுகிறது. காலையில் சரியாக இருந்த பேன்ட், சாயங்காலம் இடுப்பை இறுக்குகிறது. ஓயாத ஏப்பம், வயிற்று இரைச்சல், ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல். இப்படி அவதிப்படுகிற பலர் மருந்துக் கடையில் பான்டோப்ரஸோல் அட்டை ஒன்றை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். இவர்களில் ஒரு சாராருக்குக் கோளாறு இரைப்பையில் இல்லை. அதைத் தாண்டிச் சிறுகுடலில் இருக்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. டாக்டர்கள் சுருக்கமாக ‘சிபோ’ என்று சொல்வது இதைத்தான்.

காவல் எங்கே தளர்கிறது?

பெருங்குடலில் ஒரு மில்லி லிட்டருக்கு லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம்; அதனால் நமக்கு நன்மையே. சிறுகுடலின் மேல்பகுதியில் அந்த எண்ணிக்கை பொதுவாக ஆயிரத்தைத் தாண்டாது. இரைப்பை அமிலமும் பித்தநீரும் கிருமிகளைக் குறைக்கின்றன. பெருங்குடலில் இருப்பவை மேலேறாமல் ஒரு வால்வு தடுக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது குடலின் அசைவு. வயிறு காலியாக இருக்கும்போது, 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை, ஓர் அலை கிளம்பிச் சிறுகுடல் நெடுகிலும் ஓடுகிறது. விடிகாலையில் தெருவைக் கூட்டுவதுபோல, மிச்சம் மீதியையும் கிருமிகளையும் கீழே தள்ளிவிடுகிறது. அடுத்த கவளம் உள்ளே போனதும் இந்த அலை நின்றுவிடும்.

இந்த ஓட்டம் எங்கே தடைபட்டாலும் கிருமி தங்கும். பல வருடச் சர்க்கரை நோய் குடல் நரம்புகளைப் பாதித்திருக்கலாம். தைராய்டு குறைவு, ஸ்க்லெரோடெர்மா, ஓபியாய்டு வகை வலி மருந்துகள் ஆகியவையும் குடலை மந்தமாக்கும். குடல் காசநோயோ க்ரோன் நோயோ வந்து குடல் சுருங்கியிருக்கலாம். பழைய வயிற்று ஆபரேஷனில் குடலின் ஒரு பகுதி ஓட்டமில்லாத வளைவாக நின்றிருக்கலாம்.

பான்டோப்ரஸோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை வாயுவை வெளியேற்றுவதில்லை. கிருமிகளைத் தடுக்கும் முதல் காவலான அமிலத்தைத்தான் குறைக்கின்றன. நீண்ட நாள் உபயோகத்துக்கும் சிபோவுக்கும் தொடர்பு உண்டு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன; எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. அல்சருக்காகவோ இதய நோய் மருந்துகளுக்குத் துணையாகவோ எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். காரணமே மறந்துபோய்த் தொடர்கிற மாத்திரை என்றால், அதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வாயு மட்டுமல்ல

நாம் சாப்பிடுவதைப் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு புளிக்கவைப்பதால் வாயு உண்டாகிறது. பித்த உப்புகளை அவை சிதைப்பதால் கொழுப்பு சரியாகச் செரிக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கலாம். பி12 வைட்டமினையும் அவை தின்றுவிடும். சர்க்கரை நோயாளிக்குப் பாதம் மரத்துப்போனால், சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடுகிறோம்; பி12 குறைந்தாலும் அப்படி ஆகலாம். மெட்பார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கக்கூடியது என்பதால், இவர்களுக்கு பி12 அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஊதிப் பார்க்கும் டெஸ்ட்

மனித செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. மூச்சில் அது வந்தால், குடல் பாக்டீரியாக்களிடமிருந்து ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்ததுதான். மூச்சுப் பரிசோதனைக்கு இதுவே அடிப்படை. முந்தின நாள் பருப்பு, பால், காய்கறி கூடாது. வெள்ளைச் சோறும் முட்டையும் மீனும் போதும். இரவு முழுக்கப் பட்டினி. காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு முதலில் ஒரு முறை ஊத வேண்டும். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கால் மணிக்கொரு தரம் ஊதிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால் ‘பாசிட்டிவ்’. மீத்தேன் 10 பங்கைத் தொட்டால், மலச்சிக்கலோடு வரும் இன்னொரு வகை.

இந்த டெஸ்ட் பிசகலாம். குளுக்கோஸுக்குப் பதில் லாக்டுலோஸ் கொடுக்கும்போது, அது வேகமாகப் பெருங்குடலை எட்டிவிட்டால், அங்கே உண்டாகும் வாயுவே சிபோ போலக் காட்டிவிடும். அதனால் ரிப்போர்ட்டை நோயாளியின் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மருந்தும் சாப்பாடும்

சிகிச்சையில் அதிகம் பேசப்படுவது ரிஃபாக்ஸிமின். ரத்தத்தில் பெரும்பாலும் கலக்காமல் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் ஆன்டிபயாடிக் இது. வழக்கமாக இரண்டு வாரம். மீத்தேன் வகைக்கு நியோமைசினும் சேரும். ஆனால், 80 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், குணமானவர்களில் 13 சதவீதம் பேருக்கு மூன்றே மாதத்தில் சிபோ திரும்பியது. ஒன்பது மாதத்தில் 44 சதவீதம். அமில மாத்திரையைத் தொடர்ந்து போட்டவர்களுக்கு அது திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

சாப்பாட்டை மாற்றினால் தொல்லை தணியும், கிருமி ஒழிந்துவிடாது. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் ஆகியவற்றை நான்கு முதல் ஆறு வாரம் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கலாம். அரிசிச் சோறு பொதுவாகத் தொந்தரவு தராது. பூண்டு மணம் வேண்டுமென்றால், பல்லை எண்ணெயில் பொரித்து எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். பூண்டில் உள்ள, வாயு உண்டாக்கும் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. இடையிடையே டீ, பிஸ்கட், மிக்சர் என்று கொறிக்காமல் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே நாலு மணி நேரமாவது விட்டால், குடல் தன் துப்புரவைச் செய்ய நேரம் கிடைக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எடை குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தைக் கெடுக்கும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய உப்புசம் ஆகியவற்றை சிபோ என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். புற்றுநோயும் காசநோயும் இல்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். சிபோதான் என்று தெரிந்த பிறகும், ஆன்டிபயாடிக் சீட்டோடு திரும்பிவிடாமல், ‘எனக்கு இது ஏன் வந்தது?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, தைராய்டு, பழைய ஆபரேஷன், தினமும் போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் மூன்றாவது மாதமே அதே மருந்தைத் தேட வேண்டிவரலாம்.