ஒரு கமாவும் 50 லட்சம் டாலரும்

ஆங்கிலத்தில் எழுதுபவர்களை விடாமல் துரத்தும் ஒரு சின்னக் கேள்வி: மூன்று பொருளை வரிசையாகச் சொல்லும்போது கடைசி 'அண்ட்'டுக்கு முன்னாடி கமா வேண்டுமா? 'இட்லி, வடை அண்ட் சாம்பார்' சரியா, 'இட்லி, வடை, அண்ட் சாம்பார்' சரியா?

அந்தக் கடைசிக் கமாவுக்கு ஆக்ஸ்போர்டு கமா என்று பெயர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் தன் புத்தகங்களில் அதைப் போட்டே தீரும். அமெரிக்கப் பதிப்பாளர்கள் கையில் வைத்திருக்கும் சிகாகோ கையேடும் போடு என்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமோ, குழப்பம் வந்தால் ஒழிய வேண்டாம் என்கிறது. ஆக இரண்டும் சரிதான். பள்ளியில் யாராவது ஒன்றைத் 'தப்பு' என்று அடித்திருந்தால், அது அவர்கள் பழகிய பாணி, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கமா இல்லாத ஒரு வாக்கியம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்து ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் 2014-ல் வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது அந்த மாநிலச் சட்டம். கெட்டுப்போகக்கூடிய உணவு சம்பந்தப்பட்ட சில வேலைகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்குப் பட்டியல் இப்படி இருந்தது: 'கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீசிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'.

அந்தக் கடைசித் துண்டை இன்னொரு முறை படித்துப் பாருங்க. 'ஷிப்மென்ட்'டுக்கு அப்புறம் கமா இல்லை. 'டிஸ்ட்ரிபியூஷன்' தனி வேலையா, இல்லை 'பேக்கிங்' எதற்காக என்பதைச் சொல்லும் சொல்லா? தனி வேலை என்றால், பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டுநருக்கு ஓவர்டைம் கிடையாது. பேக்கிங்கோடு சேர்ந்தது என்றால், அவர் எதையும் பேக் பண்ணுவதில்லை, அதனால் ஓவர்டைம் உண்டு.

தமிழில் இந்தச் சிக்கலே வராது. 'அனுப்புறதுக்கோ விநியோகத்துக்கோ பேக் பண்றது' என்பது ஒன்று, 'அனுப்புறதுக்கு பேக் பண்றது, விநியோகம் பண்றது' என்பது வேறொன்று. 'க்கு' எங்கே ஒட்டுகிறது என்பதே விஷயத்தைச் சொல்லிவிடும். (தமிழில் வேறு இடத்தில் மாட்டிக்கொள்வோம். 'அரசுப் பள்ளிகள் மற்றும் கல்லூரிகளுக்கு விடுமுறை' என்றால், தனியார் கல்லூரி மாணவன் வீட்டில் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?)

நிறுவனத்தின் வாதத்தில் பலம் இருந்தது. பட்டியலின் கடைசிப் பொருளுக்கு முன்னால்தான் 'ஆர்' வரும். அது 'டிஸ்ட்ரிபியூஷ'னுக்கு முன்னால் வந்திருக்கிறது. அதோடு, மெய்ன் சட்டமன்றத்தின் வரைவுக் கையேடே கடைசிக் கமாவைப் போடாதே என்கிறது. கமா இல்லாததை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது என்றார்கள்.

ஓட்டுநர்கள் தரப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த வாதம் கமாவைப் பற்றியதே இல்லை. பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன: கேனிங், ஸ்டோரிங், பேக்கிங். 'ஷிப்மென்ட்', 'டிஸ்ட்ரிபியூஷன்' இரண்டு மட்டும் அப்படி முடியவில்லை. இரண்டும் ஒரே சாயலில் இருப்பதால், இரண்டுமே 'பேக்கிங் ஃபார்' என்பதற்குக் கீழே அடங்கும் ஜோடி என்றார்கள்.

கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 'ஒரு கமா 50 லட்சம் டாலரைத் தின்றது' என்ற ரீதியில் செய்திகள் பறந்தன. ஆனால் நீதிபதி டேவிட் பேரன் எழுதிய தீர்ப்பில், ஓட்டுநர்கள் படிப்பதுதான் சரியான ஆங்கிலம் என்று இல்லை. இரண்டு மாதிரியும் படிக்கலாம், இலக்கணத்தால் இதைத் தீர்க்க முடியாது என்பதுதான் அவர் சொன்னது. தொழிலாளர்களைக் காக்க வந்த சட்டத்தில் சந்தேகம் இருந்தால் அவர்களுக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. ஓட்டுநர்களைக் காப்பாற்றியது அந்த விதி. 2018-ல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது.

அப்போ எப்பவும் கமா போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 'ஐ இன்வைட்டட் மை பிரதர், எ டாக்டர் அண்ட் எ லாயர்' என்று எழுதினால், வந்தவர் மூன்று பேராகவும் இருக்கலாம், டாக்டருக்கும் வக்கீலுக்கும் படித்த ஒரே அண்ணனாகவும் இருக்கலாம். சரி, கமா போடுவோம்: 'மை பிரதர், எ டாக்டர், அண்ட் எ லாயர்'. இப்போ மூன்று பேர், அல்லது டாக்டர் அண்ணனும் ஒரு வக்கீலுமாக இரண்டு பேர். ஒரு குழப்பம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணனைக் கடைசிக்குத் தள்ளி 'எ டாக்டர், எ லாயர் அண்ட் மை பிரதர்' என்று எழுதுங்க. கமா இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று பேர்தான்.

மெய்ன் சட்டமன்றமும் வெறும் கமாவை நம்பவில்லை. தீர்ப்பு வந்த அதே 2017-ல் பட்டியலைத் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் செமிகோலன் போட்டார்கள், 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாற்றினார்கள். ஓட்டுநர்கள் சுட்டிக்காட்டிய அந்த 'இங்' இப்போது இருக்கிறது. அதாவது விநியோகம் சந்தேகமே இல்லாமல் தனி வேலை ஆகிவிட்டது. அடுத்து வண்டி ஏறும் ஓட்டுநர் இந்தச் சட்டத்தைக் காட்டி ஓவர்டைம் கேட்க முடியாது.