தண்டற் கடன்

தண்டல் என்னும் பழஞ்சொல் வரி திரட்டுதலைக் குறிக்கும். தெருவோர வணிகரிடையே அது, நாள்தோறும் தவணை செலுத்தும் கடனுக்குப் பெயராய் வழங்குகின்றது.

காய்கறி விற்பார் ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் வாங்குகின்றார் எனக் கொள்வோம். வட்டியென 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயே அவர் கையிற் கொடுப்பர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கடன் தீரும். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே!’ என்று அவர் எண்ணுவார். அவ்வெண்ணமே அவரை ஏமாற்றுகின்றது. அந்த 8,500 ரூபாயும் நூறு நாள் அவரிடம் தங்குவதில்லை. நாள்தோறும் திருப்பிக் கொடுத்து வருவதால், சராசரியாக அதிற் பாதியளவே அவருடைய வணிகத்திற்கு உதவுகின்றது. அப்பாதிக்கு நூறு நாள் வட்டி 1,500 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு 120 ரூபாயைத் தாண்டிவிடும்! மழையால் கடை திறவாத நாளிலும் தவணை நிற்பதில்லை. அதனைச் செலுத்த மற்றொரு தண்டல் வாங்குவாரும் உளர்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கொடுவட்டி வாங்குதலைத் தடை செய்துள்ளது. ஆயினும், விடியுமுன் சந்தைக்குச் செல்லப் பணம் தேடுவார், ஈடு கேளாத தண்டற்காரரையே நாடுகின்றனர். தெருவோர வணிகர்க்கு ஈடின்றி வங்கிக்கடன் கிடைக்கச் செய்யும் நடுவணரசுத் திட்டம் 2020இல் தோன்றியது. அதன் முதற்கடன் அப்பொழுது 10,000 ரூபாய். தண்டற்காரர் கொடுப்பதாகச் சொல்லும் அதே தொகை.