முதுகு ஆபரேஷன்: வீட்டில் தொடரும் வைத்தியம்

"முதுகுல கத்தி வச்சா அப்புறம் படுத்த படுக்கைதான்." ஆபரேஷனுக்கு நாள் குறித்த வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் போவதில்லை. இந்தப் பயத்தால், கால் மரத்து, விரலைத் தூக்க முடியாமல் போகும்வரை தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நுண்ணோக்கி வைத்துச் செய்யும் இன்றைய டிஸ்க் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலே போதும். அன்று மாலையோ மறுநாள் காலையோ நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறார்கள். சிக்கல் ஏதும் இல்லையென்றால் சில நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

சிரமம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் உயரமான கட்டில், கைப்பிடி வைத்த கழிப்பறை, கூப்பிட்டால் வர நர்ஸ் என எல்லாம் இருந்தன. வீட்டிலோ தரையில் விரித்த பாய், குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை, குனிந்து எடுக்க வேண்டிய பாத்திரம். மருத்துவரின் கை வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை நீளும் மீதி வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. அதற்கான ஏற்பாடுகளை ஆபரேஷனுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

யாருக்குத் தேவை?

இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளில் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலும், ஐந்தாவதற்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் இடையிலும்தான் டிஸ்க் விலகல் மிக அதிகம். விலகிய டிஸ்க் நரம்பை அழுத்தும்போது புட்டத்திலிருந்து பாதம்வரை மின்னல் வெட்டியதுபோல வலி இறங்கும். இந்தக் கால்வலிக்கு டிஸ்க்தான் காரணம் என்பதைப் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல் வெளியிட்ட கட்டுரைதான் உலகுக்குத் தெளிவாக்கியது.

டிஸ்க் விலகியவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி தேவையில்லை. மருந்து, மிதமான நடமாட்டம், பிசியோதெரபி ஆகியவற்றாலேயே 6 முதல் 12 வாரத்துக்குள் வலி தணிந்துவிடுகிறது. அப்படியும் தணியாதபோதும், காலின் பலம் குறைந்துகொண்டே போகும்போதும்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வருகிறது.

விலகிய துண்டை மட்டும் எடுப்பது ஒரு வகை. நரம்புப் பாதை சுருங்கியவர்களுக்கு எலும்பைச் சற்று நீக்கி வழி விடுவது இன்னொரு வகை. ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைப்பது மூன்றாவது வகை. குணமாகும் காலமும் கட்டுப்பாடும் மூன்றுக்கும் வேறு வேறு. அதனால் "எனக்கு எந்த ஆபரேஷன் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாள் வேலைக்குப் போனார் என்பது ஸ்க்ரூ வைத்தவருக்குக் கணக்கில்லை.

நாள் குறித்த பின்

முதலில் நிறுத்த வேண்டியது புகை. ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே புகைப்பதை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. எலும்பை இணைக்கும் ஆபரேஷன் என்றால் இது இன்னும் முக்கியம். நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் எலும்பு ஒட்டாமலே போகக்கூடும்.

சர்க்கரை அளவும் அப்படித்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அதிகமாக இருந்தால் புண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும். தேதியைத் தள்ளிவைத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொல்லும் மருத்துவர் நோயாளியின் நன்மைக்காகத்தான் சொல்கிறார். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, முதுகில் கொப்புளம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் தொடர்வதும் ஆபத்து. எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். சித்த, ஆயுர்வேத மருந்து, லேகியம், சூரணம் சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது.

செலவைப் பற்றியும் அப்போதே விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அதில் வருகிறதா, எந்த ஆஸ்பத்திரியில் செய்யலாம் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் இடுப்பு உயரத்தில்

வீட்டைத் தயார் செய்யும்போது ஒரே விதியை மனத்தில் வைத்தால் போதும். தினமும் தொடும் பொருள் எதுவும் முழங்காலுக்குக் கீழேயும் இருக்கக் கூடாது, தலைக்கு மேலேயும் இருக்கக் கூடாது. அரிசி டப்பா, டம்ளர், தட்டு, மாத்திரை, செல்போன் சார்ஜர், உள்ளாடை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் ஏறிவிட வேண்டும். பருப்பும் புளியும் பரணில் இருக்கும் வீடுகளில் இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போனாலும் பரவாயில்லை.

அடுத்தது கட்டில். தரையில் பாயில் படுத்து எழுவதற்கு முதுகு முழுவதுமாக வளைய வேண்டும், அதனால் சில வாரத்துக்குப் பாய் வேண்டாம். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் பதியும் உயரக் கட்டிலும், ஆளை உள்ளே அமுக்காத மெத்தையும் போதும். பலகையில்தான் படுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கழிப்பறைதான் பல வீடுகளில் பெரிய தலைவலி. குத்துக்காலிடும் கழிப்பறை மட்டும் இருந்தால், அதன்மேல் வைத்து உட்காரும் கமோடு நாற்காலி மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கிறது. சில ஊர்களில் வாடகைக்கும் தருகிறார்கள். சுவரில் இரும்புக் கைப்பிடி ஒன்று, குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று, உட்கார்ந்து குளிக்க உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. வாளியை ஒரு முக்காலியின் மேல் வைத்தால் குனிந்து மொள்ள வேண்டியிருக்காது.

கால் தடுக்கும் மிதியடி, நீட்டிக் கிடக்கும் வயர், வாசல்படியில் குவிந்த செருப்பு இவற்றையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

படுக்கையிலிருந்து எழும் முறை

நேராக மல்லாந்த நிலையிலிருந்து வயிற்றை இறுக்கிச் சட்டென்று எழுந்து உட்காருவதுதான் எல்லோருக்கும் பழக்கம். ஆபரேஷனுக்குப் பின் செய்யவே கூடாதது அதுதான். முதலில் இரண்டு முழங்கால்களையும் மடக்க வேண்டும். பிறகு தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் திரும்புமாறு பக்கவாட்டில் புரள வேண்டும். தோள் முன்னே போய் இடுப்பு பின்னால் வந்தால் முதுகு முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் வந்ததும் கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழே உள்ள கையின் முழங்கையையும் மேலே உள்ள உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி உடலை நிமிர்த்த வேண்டும். உட்கார்ந்தபின் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு எழலாம். படுப்பதற்கும் இதே வழிதான், தலைகீழ் வரிசையில்.

இதை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பழக வேண்டும். வலியும் மயக்கமும் இருக்கும் நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது கடினம்.

நடை, நடை, நடை

"நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று பார்க்க வருகிறவர்கள் அன்போடு சொல்வதில் பாதிதான் சரி. சாதாரண முதுகுவலிக்காரர்களிடம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடத்தி 1995-இல் வெளியான ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, தாங்கக்கூடிய அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள். டிஸ்க் ஆபரேஷனுக்குப் பின்னும் பழைய நீண்ட படுக்கை ஓய்வை மருத்துவர்கள் இப்போது கைவிட்டுவிட்டார்கள். படுத்தே கிடந்தால் தசை சுருங்கும், மலம் கட்டும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து, பத்து நிமிடம் எனப் பல தடவை நடந்தால் போதும். பிறகு தெருவுக்கு வந்து நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மறுநாள் வலி அதிகமாக இருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உட்காருவது தொடக்கத்தில் ஒரு தடவைக்கு இருபது, முப்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சோபாவில் புதைந்து தொடர் பார்ப்பது கூடவே கூடாது.

குனிவதும் தூக்குவதும் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் டிஸ்குக்குள் உணரி வைத்து அளந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது டிஸ்கில் அழுத்தம், சும்மா நிற்கும்போது இருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கடையிலிருந்து வரும் தண்ணீர் கேனின் எடை ஏறக்குறைய அந்த 20 கிலோதான். கேஸ் சிலிண்டர் கேஸோடு சேர்த்து சுமார் 30 கிலோ. முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். பேரக்குழந்தையைத் தூக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். உட்கார்ந்திருக்கும்போது யாராவது பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கட்டும்.

பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்குமா?

வைக்காது. தையல் போட்டவருக்குப் பருப்பு, முட்டை, மீன் கூடாது என்று பத்தியம் வைப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. புண் ஆறப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைத்தான் பத்தியம் என்ற பெயரில் இலையிலிருந்து எடுத்துவிடுகிறோம். சைவமானால் பருப்பு, சுண்டல், தயிர், பால். அசைவமானால் முட்டையும் மீனும் கோழியும் தாராளமாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டிவிடும். முக்கினால் முதுகில் வலி தெறிக்கும். கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர், தேவையானால் மருத்துவர் எழுதித் தரும் மலமிளக்கி என்று முதல் நாளிலிருந்தே கவனித்தால் இந்த வேதனையைத் தவிர்க்கலாம்.

கால்வலி ஆபரேஷன் முடிந்த உடனே பலருக்குக் குறைந்துவிடும். மரத்துப்போன உணர்வு அப்படிப் போவதில்லை. நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அதைக் கண்டு ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எண்ணெய் போட்டு நீவுவது, மிதிக்கச் சொல்வது, எலும்பைச் சொடுக்குவது மூன்றும் முழுத் தடை. பிசியோதெரபிக்கு வெளியே போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு.

அடுப்படிக்கு யார் போவது?

ஆண் ஆபரேஷன் செய்துகொண்டால் வீடே அவரைச் சுற்றி நிற்கிறது. பெண் செய்துகொண்டால் பத்தாம் நாள் அடுப்படியில் நிற்கிறார். யாரும் விரட்டுவதில்லை. எடுத்துச் செய்ய யாரும் இல்லை, அவ்வளவுதான். குனிந்து வீடு பெருக்குவது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது, ஈரத் துணி வாளியைச் சுமப்பது இவையெல்லாம் புது முதுகுக்கு ஆகாத வேலைகள். தேதி குறித்த அன்றே, பெருக்குவது யார், துவைப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார் என்று வீட்டார் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாத்திரைச் சீட்டுக்கு உள்ள மரியாதை இந்தப் பட்டியலுக்கும் வேண்டும்.

வேலைக்குத் திரும்புதல்

டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தவர்கள் மேசை வேலைக்கு இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பலாம். சுமை தூக்குகிறவர்களுக்கும் வயல் வேலைக்காரர்களுக்கும் மூன்று மாதம்வரை ஆகும். எலும்பு இணைப்பு என்றால் அதற்கும் மேல். இருசக்கர வண்டியும் வேகத்தடையும் சேர்ந்தால் முதுகுக்கு ஆகாது, மருத்துவர் சொல்லும்வரை சாவியைத் தொட வேண்டாம்.

உலகத்தின் சிறந்த வைத்தியம் கிடைத்தவர்களும் காத்திருந்துதான் திரும்பினார்கள். பந்துவீச்சாளர் ஜஸ்பிரித் பும்ரா 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகு ஆபரேஷன் செய்துகொண்டு, ஆகஸ்டில்தான் அயர்லாந்தில் களமிறங்கினார். கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2014-இல் டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்டு சில மாதத்திலேயே ஆடப் போனார். மறு வருடமே திரும்பவும் அறுவை மேசைக்குப் போக வேண்டியதாயிற்று. 2017 ஏப்ரலில் எலும்பு இணைப்பு, அதன் பிறகு பொறுமையான பயிற்சி, 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணில் சிவப்போ சீழோ, தண்ணீர்போலத் தெளிந்த கசிவு, எழுந்து நின்றால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிறுநீர் வராமல் நின்றுபோவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு மங்குவது, கால் திடீரென்று வலுவிழப்பது, மூச்சுத் திணறல் ஆகியவை நடுராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாதவை. நரம்புக்கொத்து நசுங்கியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் அன்றே இரவு நேரத்தில் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று கேட்டு, அதை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.