அயர்ன் மேனுக்கு உலோகம், ஸ்பைடர்மேனுக்கு பிளாஸ்டிக்

1966இல் பிரிட்டனின் கார்கி பிராண்டில் ஒரு பேட்மொபைல் கார் விற்பனைக்கு வந்தது. வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ தொழிற்சாலையில் செய்தது. உள்ளங்கை நீளமே இருக்கும் கறுப்புக் கார். உடம்பு வார்ப்பு உலோகம். முன்மூக்கிலிருந்து சங்கிலி அறுக்கும் கத்தி வெளியே வரும். இருக்கைக்குப் பின்னாலிருக்கும் குழாய்களிலிருந்து ராக்கெட் சீறும். உள்ளே உட்கார்ந்திருக்கும் பேட்மேனும் ராபினும் மட்டும் பிளாஸ்டிக். பொம்மைத் தொழிலில் அன்றைக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. வண்டி என்றால் உலோகம், ஆள் என்றால் பிளாஸ்டிக்.

வீரனையே உலோகத்தில் வார்த்து அதைப் பெரிய வியாபாரமாக்கிய நாடு ஜப்பான். கோ நாகாய் படைத்த ‘மஸிங்கர் இசட்’ கதையில் வரும் ராட்சத ரோபோ, ‘சோகோகின்’ என்கிற கற்பனை உலோகத்தால் ஆனது. பண்டாயின் துணை நிறுவனமான பாப்பி 1974இல் அந்த ரோபோவை வார்ப்பு உலோகப் பொம்மையாகக் கொண்டுவந்தபோது, வரிசைக்கும் சோகோகின் என்றே பெயர் வைத்தது. விசையைத் தட்டினால் முஷ்டி பறக்கும். ஆனால் பையன்களைக் கட்டிப்போட்டது கனம்தான் என்று நான் நினைக்கிறேன். தொலைக்காட்சியில் பார்த்தது கைக்கு வந்தபோது அதே மாதிரி கனத்தது. அந்தப் பையன்கள் வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, 1997இல், அவர்களுக்காகவே பண்டாய் ‘சோல் ஆஃப் சோகோகின்’ வரிசையைத் தொடங்கியது. முதல் பொம்மை மறுபடியும் மஸிங்கர் இசட்.

மெட்டல் வாங்கலாமா பிளாஸ்டிக் வாங்கலாமா என்று புதிதாகப் பொம்மை சேர்க்கத் தொடங்கும் எல்லோரும் கேட்கிறார்கள். மெட்டல் என்றால் உசத்தி, பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்ற எண்ணத்தோடுதான் பலர் கேட்கிறார்கள். அந்த எண்ணம் பணத்தை வீணாக்கும். கதையில் அந்த வீரன் எதனால் ஆனவன், அவனை அலமாரியில் நிறுத்தி வைக்கப் போகிறோமா அல்லது கையில் எடுத்து மடக்கி நீட்டப் போகிறோமா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியில் ‘டைகாஸ்ட்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்கு அலுமினியமும், துளி மக்னீசியமும் தாமிரமும் சேர்ந்த ‘ஸாமக்’ வகை. 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சி ஸிங்க் கம்பெனி உருவாக்கியது. இந்த நான்கு உலோகங்களின் ஜெர்மன் பெயர்களுடைய முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. சுமார் 390 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவது எளிது. மெல்லிய கவசக் கோடுகள்கூட அப்படியே பதிந்து வரும். கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, இது பிளாஸ்டிக் என்று திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உலோகம் ஜில்லென்று இருக்கும். பளபளப்பை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசிவிட்டால் அதுவும் கண்ணாடி போல மின்னும்.

கனத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஒரு கன சென்டிமீட்டர் துத்தநாகக் கலவை ஏறக்குறைய 6.6 கிராம். கெட்டியான பொம்மைகளுக்குப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரே அச்சில் இரண்டையும் வார்த்தால் உலோகத் துண்டு ஆறு மடங்கு கனக்கும். கையில் வாங்கும்போது ஆனந்தம் தருவதும் அந்த ஆறு மடங்குதான், நாளடைவில் தோள் மூட்டைத் தளர்த்துவதும் அதுதான்.

இன்னொரு வித்தியாசம் கடையில் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கை உருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடலாம். சிவப்பு பிளாஸ்டிக்கைக் கீறினால் உள்ளேயும் சிவப்பு. துத்தநாகத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் சொந்த நிறம் சாம்பல். மேலே தெரியும் சிவப்பும் தங்கமும் முழுக்க பெயின்ட். என்னிடம் உள்ள ஓர் அயர்ன் மேனின் வலது தோளில், கை தூக்கும்போது நெஞ்சுக் கவசத்தோடு உரசும் விளிம்பில், மிளகு அளவுக்கு பெயின்ட் போய்ச் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. பத்து முறைகூட அந்தக் கையைத் தூக்கியிருக்க மாட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் வலிக்கிறது. இப்போது அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான்.

அயர்ன் மேன் அப்படி நிற்கலாம். உடம்பே கவசம், நின்றாலே கம்பீரம். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ், 2013இல் வந்த ‘அயர்ன் மேன் 3’ படத்தை ஒட்டித்தான் ஆறில் ஒரு பங்கு அளவுப் பொம்மைகளில் டைகாஸ்ட் வரிசையை ஆரம்பித்தது. ஓர் அடி உயரம், கண்ணிலும் நெஞ்சிலும் விளக்கு. வரிசை எண்ணில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது டைகாஸ்ட். அதற்காக முழு உடம்பும் உலோகம் என்று எண்ணிவிடக் கூடாது. கவசத்தின் சில தகடுகள் உலோகம், மீதி பிளாஸ்டிக். இது ஏமாற்று வேலை இல்லை. எல்லாவற்றையும் உலோகத்தில் வார்த்தால் இடுப்பு மூட்டால் தாங்க முடியாது. தலை முதல் கால் வரை உலோகமே வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜேடா டாய்ஸ் நான்கு அங்குல அளவில் விட்ட ‘மெட்டல்ஸ்’ வரிசை இருக்கிறது. அவை மூட்டில்லாத குட்டிச் சிலைகள்.

ஸ்பைடர்மேன் விஷயம் வேறு. அவன் உடம்பில் கவசம் இல்லை, சதைதான். ஒரு கால் விரலில் நின்று, முதுகை வளைத்து, முழங்கையை மடக்கி வலை வீசினால்தான் அவன் ஸ்பைடர்மேன். டாய் பிஸ் 2002இல் தொடங்கி, 2007இலிருந்து ஹாஸ்ப்ரோ நடத்திவரும் ‘மார்வல் லெஜண்ட்ஸ்’ வரிசை ஆறு அங்குல பிளாஸ்டிக். மூட்டுகள்தான் அதன் உயிர். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது பண்டாயின் யோசனை. 2008இல் வந்த ‘எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ்’ வரிசையில், ஜப்பானியத் தொலைக்காட்சி வீரனான காமன் ரைடரின் ஆரம்பகாலப் பொம்மைகளுக்கு உடம்பைப் பிளாஸ்டிக்காக விட்டுவிட்டு, பாதத்தை மட்டும் உலோகத்தில் வார்த்தார்கள். அடியில் கனம் இருந்தால் உதைக்கும் நிலையிலும் சாயாமல் நிற்கும். உலோகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

உலோகம் காலத்துக்கும் நிற்கும் என்பார்கள். 1930களின் டிங்கி பொம்மைக் கார்களை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். துத்தநாகத்தில் ஈயம் துளி கலந்துவிட்டால்கூட, வருடங்கள் போகப்போக உள்ளுக்குள்ளேயே அரிப்பு பரவி, வெடித்து, உப்பி, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். இதற்குத் துத்தநாக நோய் என்று பெயர். வந்துவிட்டால் மருந்து கிடையாது. 99.99 சதவீதம் தூய துத்தநாகத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் இது அடங்கியது. பழைய பொம்மை வாங்கும்போது, பெயின்ட்டுக்கு அடியில் தலைமுடி போன்ற விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பிளாஸ்டிக்குக்கு வேறு நோய். ஒரு கோடை முழுக்கப் பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தபோது, ஒரு சூப்பர்மேனின் தொடை விரலில் பிசின் போல ஒட்டியது. தூசி அதில் அப்பி, தட்டின் விளிம்பு சதையில் கோடாகப் பதிந்திருந்தது. மென்மைக்காக பிவிசியில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் மேலே கசிந்து வரும். மூடிய பெட்டிக்குள் போக வழியில்லாமல் அங்கேயே படியும். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கழுவி, நிழலில் ஆறவிட்டேன். ஓரளவு சரியாயிற்று. பதிந்த கோடு போகவில்லை. அன்றிலிருந்து எதையும் பரணில் ஏற்றுவதில்லை. ஏபிஎஸ்ஸுக்கு எதிரி வெயில். வெள்ளை பாகங்கள் மஞ்சளாகும். விலை உயர்ந்த பொம்மைகளுக்குப் போர்த்தும் செயற்கைத் தோல் ஆடைதான் மிகவும் மோசம். அதிலுள்ள பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சேர்ப்பவர்கள் தோலாடைப் பொம்மையில் கை வைக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். விளக்கு எரியும் பொம்மை என்றால், அலமாரியில் வைப்பதற்கு முன் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகள் அரித்துப்போகும்.

நம் ஊரில் பலருக்கும் முதல் ஆக்‌ஷன் ஃபிகர் ஃபன்ஸ்கூலின் ஜி.ஐ.ஜோவாகத்தான் இருந்திருக்கும். எம்ஆர்எஃப் குழுமத்தின் அந்த நிறுவனம் 1987இல் தொடங்கியது. அதன் இந்தியத் தயாரிப்புகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குகிறார்கள். அந்தப் பொம்மையின் மேலுடம்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருப்பது இடுப்புக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம். பிளாஸ்டிக் திடமாக இருக்கும்போதே வளையம் காய்ந்து அறுந்து, ஆள் இரண்டாகிவிடுவான். முதுகுத் திருகைக் கழற்றிப் புது வளையம் மாட்டினால் எழுந்துவிடுவான்.

ஓர் எச்சரிக்கை. பிரிட்டனின் ஈகிள்மாஸ் 2005இல் ஸ்பைடர்மேனோடு தொடங்கிய மார்வல் சிலை வரிசை, கையால் வர்ணம் பூசிய ஈய வார்ப்பு. இரண்டாம் கை விற்பனையில் இப்போதும் கிடைக்கிறது. பெரியவர்களுக்கான காட்சிப் பொருள் அது. குழந்தை கைக்குப் போகவே கூடாது, தொட்டால் நாமும் கை கழுவ வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழந்தைக்கு வாங்குவது உலோகமானாலும் பிளாஸ்டிக்கானாலும் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் கையில் வாங்குபவர்கள் பெட்டியைவிட மூட்டுகளை முதலில் பார்க்க வேண்டும். ‘ஃபுல் மெட்டல்’ என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பி நான் வாங்கிய பொம்மையில் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் உலோகம் இருந்தது. இப்போதெல்லாம் விற்பவரிடம் கையை நீட்டி நிறுத்திய படத்தைக் கேட்கிறேன். கை நீட்டியபடி நின்றால் தோள் சரியாக இருக்கிறது. தானாகச் சரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

அந்த 1966 பேட்மொபைல் இன்றும் விற்பனைக்கு வருகிறது. பெயின்ட் உரிந்திருந்தாலும் கார் பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்கிறது. வாங்குபவர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே பேட்மேனும் ராபினும் இருக்கிறார்களா, ராக்கெட்டுகள் தொலையாமல் இருக்கின்றனவா என்றுதான் தேடுகிறார்கள். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அந்தத் துணுக்குப் பிளாஸ்டிக்தான்.