வேகத்தை விற்று விசையை வாங்கலாம்

முளைகட்டிய ராகியை இரண்டு கிலோ மட்டும் எடுத்துக்கொண்டு பெங்களூரில் மாவு மில்லுக்குப் போய்ப் பாருங்கள். இவ்வளவு கொஞ்சத்துக்கு மெஷின் போட முடியாது என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அரைத்துக் கொடுத்தாலும், முன்னால் வந்தவரின் கோதுமையோ மிளகாயோ நம் மாவில் கொஞ்சம் கலந்திருக்கும். கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்ச மால்ட் மாவு, அதாவது முளைகட்டிய தானிய மாவு, வேண்டுகிற தாய்க்கு இது பெரிய கவலை. வார்ப்பிரும்புக் கைமில்லை வாங்கி மேசை ஓரத்தில் முடுக்கிவிட்டால் கவலை தீரும், ஆனால் தோள் வலி தொடங்கும். அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மோட்டாரைக் குறைந்த செலவில் பொருத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதே கைமில்லை வெளிநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் பார்லி மால்ட் உடைக்கப் பயன்படுத்துகிறார்கள். மோட்டார் பூட்டும் உத்திகள் பலவும் அவர்கள் பட்டறைகளில் பழகி வந்தவை. இங்கே கர்நாடகக் கலால் சட்டம், 1965 உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை அனுமதிப்பதில்லை. உரிமம் பெற்ற மைக்ரோபுரூவரிகளோ பெரிய மில் வைத்திருக்கின்றன. ஆகவே நம் கைமில்லின் வேலை ராகியும் சத்துமாவும்தான். மில்லின் இயற்பியலுக்கு ராகி, பார்லி என்ற பேதம் கிடையாது.

ராகியை முளைகட்டுவதில் உள்ள அருமையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுவதால் கூழ் இறுகிக் கெட்டியாவதில்லை. சாதாரண மாவில் கெட்டியைக் குறைக்கத் தண்ணீரை அதிகமாக ஊற்ற வேண்டும், குழந்தையின் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும். மால்ட் மாவில் அதே நெகிழ்ச்சியான கூழுக்குள் அதிக மாவைச் சேர்க்கலாம். மைசூரில் உள்ள சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற உணவு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளர்கள் மல்லேஷியும் தேசிகாச்சாரும் ராகி மால்ட்டோடு பாசிப்பயறு சேர்த்து இப்படியொரு குழந்தை உணவை உருவாக்கி 1982-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள்.

இனி மில்லுக்கு வருவோம். கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி. மோட்டார் போடணும்?" கேட்க வேண்டியது வேகத்தை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். கைப்பிடியின் நீளம் 20 சென்டிமீட்டர், அதன் முனையில் 10 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மில்லின் தண்டுக்குக் கிடைக்கும் முறுக்கு விசை சுமார் 20 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் நம் கை தரும் திறன் 125 வாட்டுக்குப் பக்கம். சில நிமிடங்களுக்கு மேல் இதை யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது.

அரை எச்.பி. மோட்டாரின் திறன் 373 வாட், கையைப் போல் மூன்று மடங்கு. ஆனால் அது நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது. அந்த வேகத்தில் அதன் முறுக்கு விசை வெறும் 2.5 நியூட்டன் மீட்டர், அதாவது கையின் விசையில் எட்டில் ஒரு பங்கு! இந்த மோட்டாரை மில் தண்டோடு நேராக இணைத்தால், அரைக்கும் பிளேட்டுகளுக்கு இடையில் தானியம் சிக்கியதும் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு நின்றுவிடும். நின்ற நிலையில் ஓட்டத்தைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுத்து, காயிலும் கருகிப்போகும்.

இதற்காக இன்னும் பெரிய மோட்டாருக்கு அலைவது வீண் செலவு. மேடேறும்போது சைக்கிளில் கியரைக் குறைப்பதுபோல, வேகத்தை விற்று விசையை வாங்க வேண்டும். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, நடுவில் ஒரு தண்டில் 6 அங்குலப் புல்லி. அதே தண்டில் இன்னொரு 2 அங்குலப் புல்லி, அதிலிருந்து மில்லின் 6 அங்குலப் புல்லிக்கு இரண்டாவது பெல்ட். மூன்று பெருக்கல் மூன்று, ஒன்பது. 1440 சுற்று 160 ஆகிறது. விசை ஒன்பது மடங்காகி, பெல்ட்டில் போகும் இழப்பைக் கழித்தாலும் 20 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். கையின் அதே முறுக்கு, இரண்டரை மடங்கு வேகத்தில். பிளேட்டுகளும் அதிகம் சூடேறாது.

கோவைக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1955-ல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரின் வழிவந்தவற்றிலும் பெல்ட்டும் புல்லியும்தான் மோட்டாரின் வேகத்தை அடக்கி, கல்லை நிதானமாகச் சுற்றவைக்கின்றன.

புல்லி விலை மலிவு என்பதோடு, பெல்ட்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ராகியை எவ்வளவு புடைத்தாலும் ஒரு கல் தப்பிவிடும். அது பிளேட்டுக்கு நடுவே மாட்டினால் பெல்ட் வழுக்கும், மில் பிழைக்கும். மோட்டாரும் மில்லும் இரும்போடு இரும்பாக இணைந்திருந்தால் உடைவது பிளேட்டோ தண்டோதான்.

மோட்டாருக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. மோட்டார் செய்யும் கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக் 1946-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். பீன்யாவின் பட்டறைகளும் சதர் பத்ரப்பா ரோட்டின் கடைகளும் பழைய சாமான் விற்கும் குஜரிக் கடைகளும் இருக்கும் ஊரில், பழைய கிரைண்டர் மோட்டாரோ வாஷிங் மெஷின் மோட்டாரோ தேடினால் கிடைக்கும். வாங்குமுன் மோட்டாரின் தகட்டில் சுற்று வேகத்தைப் படியுங்கள். 1440 என்றிருந்தால் நல்லது. 2880 என்றிருந்தால் வேகத்தைக் குறைக்கும் வேலை இரட்டிப்பாகும். தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, பேரிங் தளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். காயில் கட்டும் கடையில் இன்சுலேஷனைச் சோதித்துக் கொடுப்பார்கள். துளைபோடும் டிரில்லை மில்லில் மாட்டுவது எளிய வழியாகத் தெரியும். ஆனால் வேகம் குறையும்போது அதன் விசிறியும் மெதுவாகிவிடுவதால் பாரத்தில் சூடேறிப் புகைந்துவிடும். கார் வைப்பர் மோட்டாரில் கியர் உள்ளேயே இருப்பதால் புல்லி தேவையில்லை. பொறுமை உள்ளவர்களுக்கும் கொஞ்சமாக அரைப்பவர்களுக்கும் அது நல்ல தேர்வு. 12 வோல்ட் சப்ளை மட்டும் தனியாக வேண்டும்.

மாவு எவ்வளவு நைசாக வேண்டும் என்பதைப் பொறுத்து மோட்டாரின் பாடும் மாறும். அரைப்பதற்கான ஆற்றல் புதிதாக உண்டாகும் பரப்பளவுக்கு ஏற்றது என்று பொறியாளர் ரிட்டிங்கர் 1867-ல் சொன்னார். துகளின் அளவு பாதியானால் மொத்தப் பரப்பு இரட்டிக்கும். பீருக்கான பார்லியின் உமி வடிகட்டியாகப் பயன்பட வேண்டும் என்பதால் அதை உடைத்தால் போதும், மில்லுக்கு வேலை குறைவு. ராகி மாவோ நைசாக வேண்டும். ஒரே ஓட்டில் நைசாக்கப் பிளேட்டை இறுக்கினால் மோட்டார் திணறும். முதல் ஓட்டில் நொய்யாக உடைத்து, சலித்து, தங்கியதை இரண்டாம் ஓட்டில் இறுக்கி அரைப்பதுதான் சின்ன மோட்டாருக்கு ஏற்றது. ராகி நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் மாவு பிளேட்டில் அப்பிக்கொள்ளும்.

மோட்டாரில் மிச்சம் பிடித்த காசைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. இரண்டு பெல்ட்டுக்கும் தகடு அடித்து முழு மூடி போட வேண்டும். புடவைத் தலைப்பும் குழந்தையின் விரலும் அதற்குள் போகவே முடியக்கூடாது. மோட்டாரின் உடலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எர்த் கொடுத்து மூன்று முள் பிளக்கில் முடித்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைக்க வேண்டும். சாதா சுவிட்சை நம்ப வேண்டாம். அரைக்கும்போது மின்சாரம் போய்விட்டால், சுவிட்சை அணைக்க மறந்து, அடைத்த தானியத்தைக் கிளறக் கையை உள்ளே விடுவோம். அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பினால் மில் தானாகவே சுற்ற ஆரம்பிக்கும். மின்சாரம் போனதும் தொடர்பைத் துண்டித்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடவிடும் ஸ்டார்ட்டரை எலெக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டு வாங்கலாம். அது வந்த பிறகு முதல் மாவை அரையுங்கள்.