தேரையாக்கும் அதிகாரம் யாருக்கு?

எமது கல்லூரியிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் சிலர், கணினி விளையாட்டுக்களை ஆக்குவதற்கெனத் தமக்குள் ஒரு கழகம் அமைத்துள்ளனர். ஆடுவதற்கன்று, ஆக்குவதற்கு என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். ஒருவன் சித்திரம் வரைகிறான்; ஒருவன் இசை கூட்டுகிறான்; மற்றொருவன் கணினிக்கு இடும் கட்டளைகளை, அதாவது நிரலை, எழுதுகிறான். அயற் பாடசாலை மாணவிகளும், கடல் கடந்து வாழும் உறவினரின் பிள்ளைகளும் இணையத்தின் வழியாக அதிற் சேர்ந்துள்ளனர்.

சென்ற தவணை விடுமுறையில் அக்கழகத்திலே ஒரு பிணக்கு மூண்டது. ஒருவன் வரைந்த சித்திரத்தை இன்னொருவன் கேளாமல் எடுத்தாண்டான். எடுத்தவனைப்பற்றி மூன்றாமவன் தகாத வார்த்தை எழுதினான். கழகத்தின் சாவி யார் கையில் இருந்ததோ அந்த நான்காமவன், ஒருவரையுங் கலந்து பேசாது, மூவரையும் ஒரே இரவில் நீக்கிவிட்டான். பின்னர் நால்வரும் சமாதானமாகி, விதிகளைத் திருத்தி எழுதுவோமென்று துணிந்து, பழைய விதிகள் அடங்கிய தாளை எம்மிடம் கொணர்ந்தனர்.

விதிகள் 31. அவற்றிற் பல நல்லனவே. தன் ஆக்கத்தைப் பிறர்க்குக் காட்ட விரும்புவோன் முதலிற் பிறருடைய ஆக்கங்கள் மூன்றையாயினும் ஆடிப்பார்த்துக் கருத்துரைத்தல் வேண்டும் என்றொரு விதி இருந்தது. இதனை அவர்கள் தாமே கண்டுபிடிக்கவில்லை. 2002ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘லுடும் டேரே’ என்னும் சர்வதேசப் போட்டியில், 48 மணி நேரத்துள் ஒருவர் தனித்து ஒரு விளையாட்டை ஆக்கி முடித்தல் வேண்டும். பிறர் ஆக்கங்களை மதிப்பிடுவோர்க்கே தம் ஆக்கத்துக்கும் மதிப்பீடு கூடுதலாகக் கிட்டும். அதனைப் பார்த்து எழுதியதாக மாணவர் கூறினர். ஆக்குவோர் எல்லாரும் கடை விரித்து, கொள்வோர் ஒருவரும் இல்லையாயின் கழகம் எவ்வாறு நிலைக்கும்? நல்ல விதிதான். ஆயினும் கடைசி விதியின்கீழ் நாம் பென்சிலாற் கோடிட்டோம். ‘நிர்வாகியின் முடிவே இறுதியானது’ என்பது அவ்விதி.

அக்கோட்டுக்கு விளக்கம் கேட்ட மாணவர்க்கு நாம் கூறிய கதையைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம். பிள்ளைகளின் கையிற் கணினியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்களோ என்று கலங்கும் பெற்றோர்க்கும் இது பயன்படலாம்.

பலர் ஒரே வேளையில் கூடி ஆடும் கணினி உலகங்கள் நேற்று முளைத்தவையல்ல. இங்கிலாந்திலுள்ள எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்திலே ரோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் 1978இல் அத்தகைய ஓர் உலகத்தைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தார். அதிற் படமே கிடையாது. யாவும் எழுத்து. ‘நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்’ என்பது போல் திரையில் வாசகம் தோன்றும். ஆடுவோர் தம் செயலை எழுதுவர்.

படத்தோடு கூடிய உலகத்தைப் பொதுமக்களிடையே 1986இற் பரீட்சித்துப் பார்த்தது அமெரிக்காவின் லூக்காஸ் பிலிம் நிறுவனம். ‘ஹாபிடாட்’ என்பது அதன் பெயர். கொமடோர் 64 என்னும் சிறு கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து அதனுள்ளே புகுவர். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் எம்முடைய ‘அவதாரம்’ என்னும் சொல்லே. திருமால் பத்து எடுத்தார். இன்றைய இளைஞர் ஒரு மாலைப் பொழுதில் அதற்கு மேலும் எடுக்கின்றனர்.

அவ்வுலகத்திலே துப்பாக்கியும் இருந்தது, திருட்டும் இருந்தது. ஓர் அவதாரம் கொல்லப்பட்டால், கையிலிருந்த பொருளையெல்லாம் இழந்து, தன் தலையைத் தானே கையிலேந்திக்கொண்டு தன் வீட்டிலே போய் நிற்கும். சிலருக்கு இது வேடிக்கை. சிலருக்குப் பொறுக்கவொண்ணாக் கொடுமை. நிஜ வாழ்விற் கிரேக்க வைதிகத் திருச்சபையின் குருவாக இருந்த ஒருவர், ஆயுதம் ஏந்தோம், களவு செய்யோம் என்று விரதம் பூண்டோரைத் திரட்டி உள்ளே ஒரு சமயத்தையே நிறுவினார். கொலை குற்றமா என்று மக்களிடம் கேட்டபோது, குற்றம் என்போரும் அது விளையாட்டின் சுவை என்போரும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தனர். அதனை ஆக்கிய சிப் மோர்னிங்ஸ்டார், ரண்டி பாமர் என்னும் இருவரும் பலவாறு யோசித்து, ஒரு நடுவழி கண்டனர். ஊரின் எல்லைக்குள்ளே துப்பாக்கி வேலை செய்யாது. காட்டுக்குச் சென்றாற் செய்யும். நிரலையே அவ்வாறு மாற்றிவிட்டனர்.

இங்கே சற்று நிற்றல் வேண்டும். எமது உலகில் விதி வேறு, இயற்கை வேறு. ‘புல்வெளியில் நடவாதே’ என்று பலகை நாட்டலாம். நடந்தால் புல் தடுக்காது. கணினி உலகிலோ விதியெழுதுவோனே புல்லையும் படைக்கின்றான். அவன் நினைத்தால், நடக்க எடுத்த கால் எழாது. இத்தகைய அதிகாரம் எந்த மன்னனுக்கும் இருந்ததில்லை. நாம் சொல்லப் புகுந்த கதை இதனைப் பற்றியதே.

கலிபோர்னியாவில் பலோ அல்ட்டோ என்னும் ஊரிலே சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய பேவல் கேர்டிஸ் என்பவர் 1990இல் ‘லாம்டாமூ’ என்னும் எழுத்துலகை நிறுவினார். தாம் வாழ்ந்த வீட்டையே மாதிரியாகக்கொண்டு ஒரு பெரிய மாளிகையை அதிற் கட்டினார். புதிதாக வருவோர் மேலங்கி தொங்கவிடும் இருண்ட சிற்றறையிலே விழித்தெழுந்து, கதவைத் திறந்து வரவேற்பறைக்குள் வருவர். அங்கே கணப்படுப்பு உண்டு. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஒரு கிளியும் உண்டு. கிளியின் தொல்லை பொறுக்காதோர் அதன் வாயைக் கட்டிவிடவும் வழி வைத்திருந்தனர்.

லாம்டாமூவின் சிறப்பு யாதெனில், வந்தவரெல்லாம் வெறுமனே ஆடுவோரல்லர், ஆக்குவோர். எவரும் நிரல் எழுதி, தமக்கென ஓர் அறையையோ, பொருளையோ, விளையாட்டையோ அம்மாளிகையுள் அமைக்கலாம். அவ்வாறு ஆயிரக்கணக்கானோர் கட்டிய உலகம் அது. அவர்களுக்கு மேலே, எல்லாவற்றையும் மாற்றவல்ல ஒரு சிலர் இருந்தனர். அவர்களை ‘மந்திரவாதிகள்’ என்றழைத்தனர். சம்பளமில்லாத் தொண்டர்களே அவர்கள். கேர்டிஸ் அவர்களுள் முதல்வர்.

ஒழுக்க விதிகள் சில ஆரம்பத்திலேயே எழுதப்பட்டன. பிறர் பேரிலே பேசாதே, உரியவரின் சம்மதமின்றி ஒருவரை இடம்பெயர்க்காதே, அறையை வெற்று வாசகங்களால் நிரப்பாதே என்பன போன்றவை. இவற்றை மீறுவோர்மீது முறைப்பாடு வரும். மந்திரவாதிகள் விசாரித்துத் தீர்ப்பளிப்பர். வகுப்பிலே ‘சேர், இவன் என்னைக் கிள்ளினான்’ என்னும் முறைப்பாட்டை நாளொன்றுக்குப் பத்துத் தடவை கேட்டவர்க்கு அவர்களின் நிலை விளங்கும். 1992 டிசம்பரில் கேர்டிஸ் ஓர் அறிவித்தல் விடுத்தார். மந்திரவாதிகள் இனிமேற் பிள்ளைகளைக் காக்கும் தாய்மாரல்லர். இயந்திரம் பழுதுபடாது பார்க்கும் தொழில்நுட்பத்தாரே. சமுதாயத்தின் சச்சரவுகளைச் சமுதாயமே தீர்த்துக்கொள்ளட்டும். இதுவே அவ்வறிவித்தலின் சாரம். நாம் அவரைக் குறைகூற மாட்டோம். களைத்துப்போன மனிதரின் நியாயம் அதில் இருந்தது. சுயாட்சியில் நம்பிக்கையும் இருந்தது.

நான்கு மாதம் முழுதாகக் கழியவில்லை. 1993 மார்ச் மாதத்து இரவொன்றில், ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் ஒரு தடித்த கோமாளியின் வேடந்தாங்கிய ஒருவர் வரவேற்பறைக்கு வந்தார். பிறருடைய பேரில் அவர் செய்யாத செயல்களைச் செய்ததாக எழுதிக்காட்ட வல்ல ஒரு நிரல் அவர் கையிலிருந்தது. சூனியப் பாவை என்றே அதற்குப் பெயர். அதனைக்கொண்டு, அங்கிருந்த பெண் பாத்திரங்கள் சிலரின் பேரில், பலர் பார்த்திருக்க, மிக இழிந்த வாசகங்களைத் திரையிலே ஓடவிட்டார். குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் இப்பகுதியில் அவற்றை விவரித்தல் தகாது. வேறொருவர் ஒரு மாயத் துப்பாக்கியாற் கோமாளியைக் கூண்டிலடைத்த பின்னரே அந்த அட்டூழியம் ஓய்ந்தது.

எழுத்துத்தானே, எவருடைய மேனியில் என்ன பட்டது என்று கேட்போர் அன்றும் இருந்தனர். பாதிக்கப்பட்டவருள் ஒருவர் சியாற்றில் நகரத்துப் பெண். மறுநாள் அவர் தம் முறைப்பாட்டை எழுதும்போது மெய்யாகவே கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். அச்சிட்ட அவதூறு ஒன்றினால் ஊரைவிட்டுப் போன குடும்பங்களை நாம் அறிவோம். எழுத்துத்தானே என்று சொல்ல எமக்கு நா எழாது.

அப்பெண் கேட்ட தண்டனை ‘தேரையாக்குதல்’. முன்னைய விளையாட்டுலகங்களிலே குற்றவாளியைத் தேரையாக உருமாற்றிவிடுவர். இந்திர பதவி பெற்ற நகுடன் அகத்தியரின் சாபத்தாற் பாம்பானது போல என்று கொள்ளுங்கள். லாம்டாமூவில் அதன் பொருள் இன்னுங் கடுமையானது: பாத்திரத்தையே அழித்து, அதற்குரியவரை வெளியேற்றுதல். அதைச் செய்யும் ஆற்றல் மந்திரவாதிகளுக்கு மட்டுமே உண்டு. அவர்களோ நான்கு மாதத்துக்கு முன்னரே கையைக் கழுவிவிட்டனர்.

சமுதாயம் கூடியது. முப்பது பேர் வரையில் ஓர் அறையிலே திரண்டு மணிக்கணக்காக வாதாடினர். அழித்துவிடுக என்றனர் ஒருசாரார். மற்றொரு சாரார், வேண்டாதவர் பேச்சு தம் திரையில் தோன்றாதபடி மறைக்கும் கட்டளை ஏற்கெனவே உண்டே, அதனைப் பயன்படுத்தினாற் போதாதா என்றனர். ஆனால், காதைப் பொத்திக்கொள்பவருக்கு மாத்திரமே வசை கேளாது. சந்தி முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். வாக்கெடுப்புக்கு விதியில்லாத இடத்தில் தண்டிப்பதற்கு உரிமை எங்கிருந்து வரும் என்று மூன்றாவது சாரார் வினவினர். இடையிலே பங்கிளே வந்து சிறிது பேசிச் சென்றார். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

எல்லாரும் போனபின், வாய்திறவாது கேட்டுக்கொண்டிருந்த மந்திரவாதி ஒருவர் தனியே சிந்தித்தார். பின்னர் தாமாகவே, எவருடைய கட்டளையுமின்றி, பங்கிளை அழித்துவிட்டார்.

அவர் செய்தது சரியா? எமது மாணவருட் பாதிப்பேர் சரி என்றனர். மூவரை நீக்கிய நான்காமவன் மாத்திரம் மௌனமாயிருந்தான்.

இச்சம்பவத்தை ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் 1993 டிசம்பரில் நியூயோர்க் நகரத்து ‘வில்லேஜ் வொய்ஸ்’ வாரப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். அக்கட்டுரை இன்றும் சட்ட மாணவராற் கற்கப்படுகின்றது. பங்கிள் என்பது ஒருவரேயன்று, ஒரு பல்கலைக்கழக விடுதியில் ஒரு கணினியைச் சூழ நின்று ‘இதை எழுது, அதை எழுது’ என்று கூச்சலிட்ட மாணவர் கூட்டம் என்பதும் பிற்பாடு வெளிப்பட்டது. விடுதிப் பொறுப்பாசிரியராயிருந்த எவருக்கும் இது வியப்பளிக்காது.

நிற்க. அவ்வேளையில் வெளியூர் சென்றிருந்த கேர்டிஸ் திரும்பி வந்து, நடந்ததை அறிந்து, விதிகளுக்கு வழிசெய்யும் விதியொன்றை வகுத்தார். எவரும் ஒரு விண்ணப்பம் எழுதலாம். போதிய கையொப்பம் சேர்ந்தால், அது இயந்திரத்தாற் செய்யக்கூடியதா என்று மந்திரவாதிகள் பரிசீலிப்பர். அதன்பின் யாவரும் வாக்களிப்பர். வேண்டாம் என்போரைப் போல் இருமடங்கினர் வேண்டும் என்றால் அது நிறைவேறும். மந்திரவாதிகள் அதனை நிரலாக்கியே தீருதல் வேண்டும். பிணக்குகளை விசாரிக்க ஆடுவோருள்ளிருந்தே நடுவர்களும் ஏற்பட்டனர்.

கேட்பதற்கு எவ்வளவு அழகாயிருக்கிறது! குடியாட்சிபற்றி வகுப்பிலே பாடம் நடத்துவோர் இத்தோடு கதையை முடித்துவிடலாம். நாம் முடிக்கவில்லை. விண்ணப்பம் மனிதப் பேச்சில் எழுதப்படும். நிரலோ ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படல் வேண்டும். இரண்டுக்கும் இடையிலே ‘இவர்கள் கருதியது இதுதான்’ என்று பொருள்கொள்பவர் யார்? மந்திரவாதியே. ஒருவருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது கணக்கா, நீதியா? இரண்டுந்தான். நடுவர் தீர்ப்பிற் பிழை கண்டோர் நடுவரோடு சண்டையிட்டனர். நிரலிற் பிழை கண்டோர் மந்திரவாதிகளோடு சண்டையிட்டனர். 1996 மே மாதத்தில் மந்திரவாதிகள் இரண்டாவது அறிவித்தல் விடுத்தனர். தொழில்நுட்பத் தீர்மானம் வேறு, சமுதாயத் தீர்மானம் வேறு என்று பிரித்துவைக்க முயன்றோம், இயலவில்லை, இனித் தேவை நேர்ந்தபோது சமுதாய விடயங்களிலும் நாமே முடிவெடுப்போம் என்று வெளிப்படையாகக் கூறிவிட்டனர்.

இதனைச் சுயாட்சியின் தோல்வி என்று சிலர் எழுதியுள்ளனர். எமது அபிப்பிராயம் வேறு. 1992இலும் அதிகாரம் அவர்கள் கையிலேதான் இருந்தது, 1996இலும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அது கையில் இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. அந்தத் தனி மந்திரவாதியின் இரவுச் செயல் அவ்வாறு சொல்லிக்கொண்ட காலத்திலேதான் நிகழ்ந்தது. எவரும் பொறுப்பாளியில்லை என்று எழுதிவைத்த இடத்தில், தண்டனைக்குக் காரணங் கூறவேண்டியவரும் எவருமில்லை.

மாணவர்கள் தாளை வாங்கிச்சென்று ஒரு கிழமை கழித்துத் திரும்பினர். 31 விதிகள் 12 ஆகியிருந்தன. சித்திரம், இசை, நிரல் எதுவாயினும் ஆக்கியோனைக் கேட்டு, அவன் பேரைக் குறித்தே எடுத்தாளல் வேண்டுமென்பது முதலாவது விதி. சாவி வைத்திருப்போர் மூவரின் பெயரும் இரண்டாவது விதியிலே எழுதப்பட்டிருந்தன. ஒருவரை நீக்குமுன் மூவரில் இருவர் உடன்படல் வேண்டும். நீக்கியவர் தம் பேரையும் காரணத்தையும் யாவரும் காண எழுதிவைத்தல் வேண்டும். நீக்கப்பட்டவர் ஒரு மாதத்தின்பின் மறுவிசாரணை கேட்கலாம்.

“சேர், சாவி வைத்திருக்கிற மூன்று பேரும் சேர்ந்து பிழைவிட்டால் என்ன செய்வது?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

நாம் யோசித்தோம். கேர்டிஸுக்கே எட்டாத விடை எமக்கு மாத்திரம் எங்கிருந்து வரும்? நாம் பதில் கூறுவதற்குள், முன்பு மூவரை நீக்கிய அந்தப் பையன் தாளை வாங்கி, ‘13’ என்று இலக்கமிட்டு, அதன் எதிரே ஒன்றும் எழுதாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.