நாமம் போட்ட பூனை

திருவண்ணாமலையில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். என் மாணவர்கள் கிரிவலப் பாதையின் சாமிப்படக் கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் கொல்கத்தாவின் காளிகாட் படங்களை அவர்களிடம் கொண்டுசேர்ப்பது எளிதாக இருந்தது. அவையும் கோயில் வாசல் சரக்குதானே!

19ஆம் நூற்றாண்டில் காளி கோயிலுக்கு வந்த பக்தர்களுக்காக ஓவியர்கள் மலிவுத் தாளில் தெய்வங்களை மளமளவென்று தீட்டி விற்றார்கள். நாளடைவில், ஆங்கிலேயர் ஆட்சியில் பணம் பார்த்த 'பாபு'வும் படத்துக்குள் வந்தார். படிய வாரிய தலை, பளபளக்கும் காலணி, வெட்டிப் பகட்டு. நெற்றியில் நாமம் போட்ட பூனையொன்று வாயில் இறாலைக் கவ்வியிருக்கும். போலிச் சாமியாருக்கு வேறு விளக்கம் வேண்டுமா? எலிகள் சூழத் தவம்செய்யும் நம் மாமல்லபுரத்துப் பூனை இதற்குப் பாட்டி.

காளிகாட் படங்கள் கையால் தீட்டியவை. பட்தலா பகுதி அச்சுக்காரர்கள் அதே கேலியை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். ஒரே கட்டையில் எத்தனையோ படிகள்; விலையும் சல்லிசு. கேலி தெருவெங்கும் பரவியது.

அடுத்து வந்தவர் மேட்டுக்குடியிலேயே பிறந்தவர், ககனேந்திரநாத் தாகூர். ரவீந்திரநாத்தின் உறவினர். 1917இல் 'அத்புத லோக்', 1921இல் 'நவ ஹுல்லோட்' என்று கல்லச்சுத் தொகுப்புகள் வெளியிட்டார். சாதியை மனிதர்களை நசுக்கும் அரைகல்லாக வரைந்தார். தன் வர்க்கத்தையே நையாண்டி செய்த இவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். தமிழில் பாரதியார் 1906 முதல் 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். அவை பெரும்பாலும் அரசியல்.

வகுப்பில் தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் செதுக்கினோம். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: உங்களைவிட அதிகாரம் உள்ளவரை மட்டுமே கேலி செய்யலாம். ஒரு மாணவி, 'கைப்பேசி கூடாது' என்று கரும்பலகையில் எழுதியபடியே மறுகையில் கைப்பேசி பார்க்கும் ஆசிரியரைச் செதுக்கினாள். உடன் பணிபுரியும் ஒருவர், "இதைச் சுவரில் மாட்ட வேண்டாம் சார்" என்றார். மாட்டினேன். அந்த நிபந்தனையை என்னோடு நிறுத்திக்கொண்டால், மறுநாள் அவர்கள் செதுக்குவது வகுப்பிலேயே ஏழையான பையனைத்தான்.

செய்துபார்க்க விரும்புவோருக்கு: வெட்டும் கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி பிம்பம் பற்றிய கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும். முத்திரை மையைவிட, சிறிதளவு பசை கலந்த போஸ்டர் கலர் நன்றாகப் பதிகிறது.